தனுஷ்கோடிக்குக் கேமராவோடு போகிறீர்களா? முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தனுஷ்கோடிக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த லென்ஸ் எடுத்துக்கலாம்?" என்பதாகத்தான் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எந்த மாதம் போகிறீர்கள், அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், சூரியன் எந்தக் கடலில் எழும், வழியில் இருக்கிற போலீஸ் செக்போஸ்டில் எத்தனை மணிக்கு விடுவார்கள், இந்த நாலும் தெரிந்தால் கையில் இருக்கிற செல்போனை வைத்தே நல்ல படம் எடுத்துவிடலாம். இது எதுவும் தெரியாமல் விலை உயர்ந்த கேமராவோடு போய் இறங்கினால் நண்பகல் வெயிலில் வெளுத்துப்போன கடலும், சாலை முடிகிற அரிச்சல்முனையில் தூணுக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிற கூட்டமும்தான் மெமரி கார்டில் மிஞ்சும்.

கோயிலுக்கும் தீர்த்தங்களுக்கும் வழி சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது கடல், மணல், வானம், இடிந்த சுவர், படகு இவற்றைப் படம் எடுக்க ராமேஸ்வரம் தீவுக்கு முதல் தடவை வருகிறவர்களுக்கு மட்டும்.

முதலில் மாதம், அதாவது காற்று

தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகிற ஆட்டோக்காரர்கள் வடக்கே இருப்பது பெண் கடல், அமைதியாக இருக்கும், தெற்கே இருப்பது ஆண் கடல், சீறும் என்று சொல்லிக் காட்டுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் படத்தைத் திட்டமிடாதீர்கள். எந்தக் கடல் சீறும், எந்தக் கடல் தூங்கும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது.

ஏறக்குறைய மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சானும் சோழகமும் தென்கடலைக் கிளப்பிவிடும். அலை பெரிசாக வரும், மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும், சாலையின் மேலேயே மணல் ஏறிக் கிடக்கும். அதே நேரத்தில் சாலைக்கு அந்தப் பக்கம் வடகடல் தட்டையாக, பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் கிடக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வந்து வாடை வீச ஆரம்பித்ததும் கதை மாறிவிடும். வடகடல் கலங்கிப்போய் அலையடிக்கும், தென்கடல் அடங்கிவிடும். இரண்டு காற்றுக்கும் நடுவே, பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், சில நாள் இரண்டு கடலுமே அசையாமல் கிடக்கும். வானத்தின் நிழல் தண்ணீரில் விழுகிற படம் வேண்டுமென்றால் அந்த நாட்கள்தான்.

ஆக, எந்த மாதிரிப் படம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மோதித் தெறிக்கிற அலை, பறக்கிற மணல், விறுவிறுவென்று ஓடுகிற மேகம் என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். கறுத்துத் திரண்ட மழை வானம் என்றால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஆனால் அதுதான் புயல் காலமும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில்தான் தனுஷ்கோடி ஊரே போனது, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. அதனால் அந்த மாதங்களில் போகிறவர்கள் "பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு" என்று செய்தி வந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வீட்டில் இருங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. வெயில் தாங்கும், மழை பெரும்பாலும் விட்டிருக்கும், பூநாரைகளும் (ஃபிளமிங்கோ) இருக்கும். ஒரே குறை, மார்ச் நெருங்க நெருங்க வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லாமல் போகும். மேகம் இல்லாத சூரிய உதயம் பார்க்கத்தான் அழகு, படத்தில் வெறும் ஆரஞ்சுப் பட்டைதான். அப்படிப்பட்ட காலையில் வானத்துக்குக் கொஞ்சமாக இடம் கொடுத்து முன்னால் இருக்கிற மணலுக்கும் தண்ணீருக்கும் நிறைய இடம் கொடுங்கள்.

மாதம் முடிவானதும் காலண்டரை எடுத்து அமாவாசையைப் பாருங்கள். ஆடி, மகாளய, தை அமாவாசை மூன்றுக்கும் ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது, அறை வாடகை எகிறிவிடும், விடியற்காலையில் ஆட்டோ கிடைப்பதே கஷ்டம். தை அமாவாசை சரியாக நாம் போகிற நேரத்தில் வந்து விழும் என்பதால் இதைக் கவனிக்க வேண்டும். ஜனவரி நடு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் இருக்கும். சனி ஞாயிறைத் தவிர்த்து, திங்கள் இரவு கிளம்பி வெள்ளி திரும்புகிற மாதிரி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

படகுகளுக்காகப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும், சிலவற்றைக் கரையேற்றி மராமத்துப் பார்த்துப் பெயின்ட் அடிப்பார்கள். மற்ற நாட்களில் விசைப்படகுகள் பெரும்பாலும் திங்கள், புதன், சனி புறப்பட்டு மறுநாள் காலை மீனோடு திரும்பும். வேலைநிறுத்தம் என்றால் ஒன்றுமே போகாது, துறைமுகம் நிறையப் படகு நிற்கும். மீனவர்களுக்கு அது வருமானம் இல்லாத நாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேமராவை எடுங்கள்.

வீட்டில் உட்கார்ந்தே செய்ய வேண்டிய வேலை

கூகுள் மேப்பில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போகிற சாலையைப் பாருங்கள். அந்த நிலப்பட்டை தென்கிழக்கு நோக்கிச் சாய்ந்து போகிறது. முனையைப் பார்த்துப் போகும்போது உங்கள் இடது கை வடகடல், வலது கை தென்கடல். இந்தச் சாய்வினால் நமக்கு ஒரு நல்ல காரியம் நடக்கிறது: வருடம் முழுக்கச் சூரியன் இடது பக்கக் கடலில் எழுந்து வலது பக்கக் கடலில் இறங்கும். டிசம்பரில் சாலை போகும் திசைக்கு ரொம்பப் பக்கத்திலேயே, கொஞ்சம் இடப்பக்கமாக எழும், அதனால் சாலையையும் சூரியனையும் ஒரே படத்தில் கொண்டுவரலாம். ஜூனில் நன்றாக இடது பக்கம் தள்ளிப் போய்விடும். அப்போது சாயங்காலச் சூரியன் நீங்கள் வந்த வழியை ஒட்டி, முதுகுப் பக்கம் இறங்கும்.

போட்டோபில்ஸ், சன் சர்வேயர் மாதிரி ஆப் ஏதாவது ஒன்றில் உங்கள் தேதியைப் போட்டு, சூரியன் எழுகிற, இறங்குகிற திசைக் கோடுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். உதயம் வருடம் முழுக்க 5.50 மணிக்கும் 6.40க்கும் நடுவில்தான். ஜனவரி கடைசியில் 6.35 வாக்கில். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலே ஏறிவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீள்கிற பொன்வெயில் இங்கே கிடையாது. உதயத்துக்கு அரை மணி நேரம் முன்னால் நிறம் ஆரம்பிக்கும், உதயம் முடிந்து முக்கால் மணி நேரத்தில் வெயில் கடுகடுக்கும். மொத்தமாகவே உங்களுக்குக் கிடைப்பது அந்த ஒன்றேகால் மணி நேரம்தான், அதனால் முதல் நாளே இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம்.

காற்றுக்கு விண்டி ஆப் போதும். ஓத அட்டவணையைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம், இந்தப் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. காற்று எவ்வளவு, எந்தத் திசை என்பதுதான் கடலின் முகத்தை மாற்றும். கள்ளக்கடல் (திடீரென்று எழுகிற அலை), பேரலை என்று இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) எச்சரிக்கை வந்தால் மட்டும் தண்ணீரோரம் போகாதீர்கள்.

போவது, தங்குவது, விடியற்காலை வண்டி

2022 டிசம்பரிலிருந்து தீவுக்குள் ரயில் வராமல் மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்தது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் வருகிறது. சென்னையிலிருந்து இரவு ரயில், இல்லாவிட்டால் மதுரை வரை வந்து அங்கிருந்து பஸ்ஸோ காரோ, 170 கிலோமீட்டர் சுமார். தங்குவது ராமேஸ்வரம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும். தனுஷ்கோடியில் தங்குவதற்கு ஒன்றும் இல்லை. 64 புயலுக்குப் பிறகு அது மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவிக்கப்பட்ட ஊர், மீனவக் குடிசைகள் மட்டும்தான் இருக்கின்றன.

ஊரிலிருந்து அரிச்சல்முனை 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பகலில் அரசு பஸ் ஓடுகிறது, ஆனால் உதயத்துக்கு அது உதவாது. முந்தின நாள் மத்தியானமே ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி வைத்துவிடுங்கள். பேசும்போது "சன்ரைஸ் பாயின்ட்டுக்கு" என்று மட்டும் சொன்னால் போய் அரை மணி நேரத்தில் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார். "காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பணும்ணே, ஒன்பதரை வரைக்கும் வண்டி நம்மளோடதான், நாலு இடத்துல நிக்கணும்" என்று வெளிப்படையாகச் சொல்லி, காத்திருப்பதற்கும் சேர்த்து ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். அவரிடமே செக்போஸ்டில் இப்போது எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரம் போலீஸ் வைப்பது, காற்றையும் கூட்டத்தையும் பொறுத்து மாறும், இணையத்தில் எவரோ எப்போதோ எழுதியதை நம்ப முடியாது. கேட் திறக்கத் தாமதமாகும் நாளென்றால் முனைக்குப் போகிற ஆசையை விட்டுவிட்டுக் கோதண்டராமர் கோயில் பக்கம் உள்ள காயல் ஓரமாக உதயத்தை எடுங்கள். உண்மையைச் சொன்னால் முனையில் கிடைப்பதைவிட அங்கே கிடைக்கிற படம் பல நாள் நன்றாக இருக்கும்: முன்னால் ஆழமில்லாத தண்ணீர், அதில் ஒற்றைக் கோயில், பின்னால் வானம். 64 புயலில் மிஞ்சி நின்ற கட்டடம் அது.

குறைந்தது மூன்று விடியற்காலையாவது கையில் இருக்கிற மாதிரி பயணத்தை வையுங்கள். ஒன்று மேகத்தில் போகும், ஒன்று இடத்தைப் பழகுவதில் போகும், மூன்றாவதில்தான் படம் வரும். "ஒரே நாளில் ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தேவிபட்டினம்" என்கிற பேக்கேஜ் எல்லாம் சாமி கும்பிட வருகிறவர்களுக்குச் சரி.

பையில் என்ன

அகல லென்ஸ் ஒன்று, 16 இலிருந்து 35 மில்லிமீட்டர் மாதிரி, அல்லது கேமராவோடு வந்த 18–55 போதும். தூரத்தை இழுக்க 70–200 அல்லது 70–300 ஒன்று. கடற்கரை என்றால் அகல லென்ஸ்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் தனுஷ்கோடி தட்டையான ஊர், மலையும் பாறையும் கிடையாது. அகல லென்ஸில் தொடுவானம் ஒரு நூல் மாதிரி ஒல்லியாகப் போய், எல்லாம் காலியாகத் தெரியும். என்னைக் கேட்டால் இங்கே அதிகம் வேலை செய்வது நீள லென்ஸ்தான்.

நல்ல கனமான ட்ரைபாட். காற்றில் ஆடாமல் இருக்க நடுவில் இருக்கிற கொக்கியில் பையைத் தொங்கவிடலாம், ஆனால் பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும், அந்தரத்தில் தொங்கினால் அதுவே ஊசலாடி ட்ரைபாடையும் ஆட்டும். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் ஒன்று, வெளிச்சத்தைக் குறைத்து ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க உதவுகிற ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று. மைக்ரோஃபைபர் துணி மூன்று நாலு, ஏனென்றால் முதல் துணி பத்து நிமிடத்தில் உப்புப் பிடித்துப் பிசுபிசுத்துவிடும். காற்றூதும் ரப்பர் பல்பு. ஹோட்டல் குளியலறையில் கிடைக்கிற ஷவர் கேப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேமராவுக்கு அதைவிட நல்ல உறை கிடையாது. தொப்பி, ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், டார்ச். நிழல் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

செல்போன் மட்டும்தான் இருக்கிறதா? தாராளமாகப் போங்கள். கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள், தொடுவானம் சாய்ந்தால் கடல் வழிந்து ஓடுகிற மாதிரி இருக்கும். வெளிச்சத்தைக் கையால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் லென்ஸைத் துடையுங்கள். முனைப் பக்கம் போனால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி அனுப்பும். ரோமிங்கை முன்னாலேயே அணைத்து வையுங்கள்.

ட்ரோன் வேண்டாம். கடல் எல்லை கூப்பிடு தூரம், உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், ஊர் முழுக்கக் கண்காணிப்பு. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டு மாட்டினால் பயணம் போலீஸ் ஸ்டேஷனில் முடியும். கடற்படை, கடலோரக் காவல்படை முகாம்கள், ராடார் கோபுரங்கள் பக்கம் கேமராவையே திருப்பாதீர்கள்.

காலையில் அங்கே போய் நின்றதும்

வண்டியை விட்டு இறங்கியதும் கேமராவை எடுக்காமல் பத்து நிமிடம் அலையைப் பாருங்கள். எந்த இடத்தில் அலை அதிக தூரம் ஏறி வருகிறது, ஏறினது எப்படித் திரும்பிப் போகிறது, பெரிய அலை எத்தனை அலைக்கு ஒரு தரம் வருகிறது என்று கவனியுங்கள். இரண்டு காரணம். ஒன்று, உங்கள் ட்ரைபாடை எங்கே நட்டால் நனையாது என்று தெரியும். இன்னொன்று, படமே அந்த அலை திரும்பிப் போகிற நேரத்தில்தான் இருக்கிறது. அலை வந்து மோதும்போது எடுத்தால் வெள்ளையாகக் குழம்பிப்போகும். மேலே ஏறிய தண்ணீர் மணலில் கோடு கோடாக இறங்க ஆரம்பிக்கும்போது ஷட்டரைக் கால் நொடியிலிருந்து ஒரு நொடி வரை திறந்து வைத்தால் அந்தக் கோடுகள் பார்ப்பவர் கண்ணைப் பிடித்துக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துளை) 11, பிறகு திருத்த வசதியான ரா ஃபார்மட், இரண்டு நொடி டைமர். உதயத்துக்கு முன்னால் இதற்கு ஃபில்டர்கூடத் தேவையில்லை, வெளிச்சம் கூடினதும் என்டி ஃபில்டரை மாட்டிக்கொள்ளுங்கள்.

ஃபோகஸைத் தொடுவானத்தில் வைக்காதீர்கள், முன்னாலிருக்கிற சங்கு, கயிறு, பாசி எதுவோ அதைத் தாண்டிக் கொஞ்சம் தூரத்தில் வைத்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். சூரியன் சட்டத்துக்குள் வரும்போது வானத்தை நம்பி வெளிச்சத்தை அளந்தால் மணல் கறுத்துவிடும், மணலை நம்பினால் வானம் எரிந்துவிடும். கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்துக்கொண்டு வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கும்போது தென்கடல் பக்கம் வானம் ரோஜா நிறமாக மாறி, மணல் மேடுகளின் ஒவ்வொரு வரியிலும் நிழல் விழுந்திருக்கும். உதயத்துக்கு முதுகு காட்டி எடுத்த படம்தான் பல பேருக்குக் கடைசியில் பிடித்த படமாகிறது.

இன்னொன்று, கால் தடம். யாரும் மிதிக்காத மணல் வேண்டுமென்றால் முதலில் வரவேண்டும், அதோடு உங்கள் காலையும் பார்த்து வைக்கவேண்டும். படம் எடுக்கப்போகிற பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

முனையில் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். இரண்டு கடலும் சேருகிற இடம், நீரோட்டம் பலமாக இருக்கும், கீழே மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடப் படத்தில் பார்த்த மணல்திட்டு இந்த வருடம் அங்கே இருக்காது. ட்ரைபாடுக்காக முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு பின்னால் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

எங்கே எவ்வளவு நேரம்

இடிந்த தேவாலயத்துக்கு ஒரு காலை முழுசாகக் கொடுக்கலாம். ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டி, மற்றக் கட்டடங்களின் மிச்சமும் அதே வட்டாரத்தில்தான். பெரும்பாலும் எல்லோரும் பீடம் இருந்த சுவரை நேராக நின்று எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் சுவர்க் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு அடி தூரத்தில் போய் நில்லுங்கள். அது கருங்கல் இல்லை, பவளப்பாறையை வெட்டிக் கட்டியது. ஒவ்வொரு கல்லிலும் பொடிப் பொடியாகப் பூப்போட்ட மாதிரி குழிகள், சில கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாக, சிலவற்றில் மூளையின் மடிப்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும், நடுநடுவே சுண்ணாம்புச் சாந்தில் புதைந்த சிப்பித் துண்டு. காலை எட்டு மணிக்குள் வெயில் பக்கவாட்டில் விழும்போது அத்தனை குழியிலும் நிழல் நிரம்பி நிற்கும், பத்து மணிக்குப் போனால் அதே சுவர் வெறும் சாம்பல் நிறச் சுவர். மேலே ஏறாதீர்கள், சாயாதீர்கள், உப்புக் காற்றில் உதிர்ந்துகொண்டிருக்கிற கல்.

கரைவலை இழுக்கிற நாளாக அமைந்தால் மற்றத் திட்டத்தையெல்லாம் ஒத்திப்போடுங்கள். வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, இரண்டு கயிற்று முனையையும் கரையில் இரண்டு கூட்டமாகப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து இழுப்பார்கள். முதலில் இரண்டு கூட்டமும் எங்கேயோ எட்ட இருக்கும், கயிறு ஏற ஏறப் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும், கடைசியில் வலையின் மடி கரைக்கு வரும்போது எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பார்கள், காரலும் நெத்திலியும் வெள்ளியாகத் துள்ளும், தலைக்கு மேல் பறவைகள். நீள லென்ஸோடு தூரத்திலிருந்து ஆரம்பித்து, கயிறு குறையக் குறைய நீங்களும் கிட்டே வாருங்கள், கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு அகல லென்ஸ். முதலிலேயே போய், "அண்ணே, படம் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். மாட்டேன் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். வலையையும் கயிற்றையும் மிதிக்கக் கூடாது, தாண்டவும் கூடாது. ஒரு கை கூடப் பிடிக்கச் சொன்னால் கேமராவைக் கழுத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பிடியுங்கள், அதற்குப் பிறகு உங்களைத் தொந்தரவாக யாரும் நினைக்கமாட்டார்கள்.

பூநாரைகள் குளிர்காலத்தில் வந்து மார்ச் வாக்கில் வரை கோதண்டராமர் கோயில் பக்கக் காயல்களில் நிற்கும். 2025 ஜூனில் சுமார் 524 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. சாலை ஓரத்திலிருந்தே எடுங்கள். சேற்றில் இறங்கிக் கிட்டே போனால் கூட்டமாகக் கிளம்பிவிடும். பறக்கிற படத்துக்காகக் கல் எறிகிறவர்களைப் பார்த்தால் சத்தம் போடத் தயங்காதீர்கள். பறவை படத்தில் சின்னதாக இருந்தால் என்ன, இது நிலக்காட்சிதானே. தட்டையான தண்ணீரின் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கோடு, அது போதும்.

சாயங்காலத்துக்கு அரிச்சல்முனையை நம்பாதீர்கள், பொழுது சாய்வதற்குள்ளேயே திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். குளிர்மாதங்களில் குந்துகால் போங்கள், 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது, எதிரே குருசடைத் தீவு, சூரியன் தென்மேற்கே தண்ணீர்ப் பக்கம் இறங்கும். கோடையில் சூரியன் வடமேற்கே தள்ளிப் போகிறபோது தங்கச்சிமடம் வில்லூண்டித் தீர்த்தம். கடலுக்குள் ஒரு நன்னீர்க் கிணறு, அதற்குப் போக ஒரு நடைபாலம், அந்தப் பாலமே படத்துக்கு நல்ல கோடு.

பாம்பன் பாலத்தைப் பற்றிச் சுருக்கமாக. சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது, ஆனாலும் எல்லோரும் நிறுத்துகிறார்கள், போலீஸ் விரட்டுகிறது. பாம்பன் முனையில் இறங்கி நடந்து வாருங்கள். புதிய பாலத்தின் நடுவில் கப்பல் போக மேலே தூக்குகிற 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி இருக்கிறது. ரயில் வரும் நேரத்தை ஆப்பில் பார்த்துக்கொண்டு, முன்கூட்டியே சட்டத்தை அமைத்து வையுங்கள். ஷட்டர் 1/500க்குக் குறையாமல். சாலைப் பாலம் லாரி போகும்போதெல்லாம் அதிரும், ட்ரைபாட் இங்கே வேலைக்கு ஆகாது. கீழே இறங்கி மீனவக் குப்பம் பக்கம் கடற்கரையிலிருந்து படகுகளை முன்னால் வைத்துப் பாலத்தை எடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கோயிலுக்குள் கேமராவும் போனும் எடுத்துப்போக முடியாது, பிரகாரத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மத்தியானமும் உப்பும்

பதினொன்றிலிருந்து மூன்றரை வரை படம் எடுக்காதீர்கள். பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து சுத்தம் செய்யுங்கள், இதைத் தள்ளிப்போட முடியாது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், இரவுக்குள் லென்ஸ் வளையத்தில் கரகரவென்று சத்தம் வர ஆரம்பிக்கும். முதலில் பல்பால் ஊதி மணலைத் தட்டுங்கள், மணல் இருக்கும்போது துணி போட்டால் கண்ணாடியில் கீறல்தான். அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கேமரா உடம்பையும் லென்ஸின் வெளிப்பக்கத்தையும் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தரம். காய்ந்த துணியால் மட்டும் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. ஃபில்டர்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், ராமேஸ்வரத்தில் பல விடுதிகளில் வருவதே உப்புத் தண்ணீர்தான். கேன் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் மாற்றுவதைக் கடற்கரையில் செய்யாதீர்கள், ஆட்டோவுக்குள் உட்கார்ந்து செய்யுங்கள். ட்ரைபாடைத் தண்ணீரோரம் நடும்போது எப்போதும் ஒவ்வொரு காலிலும் கீழ்க்கடைசித் துண்டை முதலில் முழுசாக நீட்டுங்கள். அப்படிச் செய்தால் அதற்கு மேலே இருக்கிற திருகு மணலுக்கும் தண்ணீருக்கும் எட்டாமல் இருக்கும்.

வெயில் தாழ்ந்ததும் மறுநாள் காலைக்கான இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த மேட்டிலிருந்து கோயில் தனியாகத் தெரிகிறது, எந்த மின்கம்பம் குறுக்கே வருகிறது, முன்னால் வைக்க என்ன கிடக்கிறது என்பதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் வந்து இறங்கும்போது அந்தப் படம்தான் உங்களுக்கு மேப். அன்றைய ரா ஃபைல்களை லேப்டாப்பிலோ வெளி டிஸ்க்கிலோ ஏற்றிவிட்டு, பேட்டரிகளை சார்ஜில் போட்டுவிட்டு, விண்டியில் மறுநாள் காற்றை ஒரு தரம் பாருங்கள். வாடை கூடினால் தென்கடல் பக்கம், கச்சான் கூடினால் வடகடல் பக்கம் என்று காலைத் திட்டத்தை மாற்றிக்கொண்டு, ஆட்டோக்காரருக்கு இரவே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.